எண்டோமெட்ரியோசிஸ்: 10-ல் ஒரு பெண்ணுக்கு வரும் இந்த வலிக்கு என்ன காரணம்? புதிய சிகிச்சை வருமா?

“எல்லாருக்கும் வர்ற வலிதானே, பொறுத்துக்கோ”, “ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்.” மாதவிடாய் வலியில் துடிக்கும் பெண்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. ஆனால் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத அளவுக்கு வலித்தால், அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன?

கருப்பையின் உட்சுவரில் இருப்பது போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்த நோய். சினைப்பை, கருக்குழாய், சிலருக்கு குடல், சிறுநீர்ப்பையிலும் இது வளரும். அங்கே அழற்சியும் தழும்பும் உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். கருத்தரிப்பதும் சிரமமாகலாம். உலகில் சுமார் 19 கோடி பேருக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஏன் வருகிறது?

மாதவிடாய் ரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றுக்குள் படிவதே காரணம் என்று 1920-களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் விளக்கினார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு ரத்தம் இப்படிப் பின்னோக்கிச் செல்கிறது. அப்படியென்றால் சிலருக்கு மட்டும் ஏன் நோய் வருகிறது?

இதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. 60,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஆய்வு, நோயோடு தொடர்புடைய 42 மரபணுப் பகுதிகளைக் கண்டறிந்தது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறும் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

பாக்டீரியா காரணமா?

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வில், 64 சதவீத நோயாளிகளின் கருப்பையில் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி இருந்தது. நோய் இல்லாதவர்களில் இது 10 சதவீதத்துக்கும் குறைவு. ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது எலிகளுக்குப் பாதிப்பு குறைந்தது. ஆனால் மனிதர்களிடம் இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எனவே நாமாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

சிகிச்சை என்ன?

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. வலி மாத்திரை, ஹார்மோன் மருந்து, லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை ஆகியவையே இப்போது உள்ளன. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்ப வரலாம். பெரும்பாலான ஹார்மோன் மருந்துகள் கருத்தரிப்பதைத் தடுப்பதால், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கு அவை பொருந்தாது. அதனால்தான் ஹார்மோன் இல்லாத மருந்தைத் தேடுகிறார்கள். டைகுளோரோஅசிடேட் என்ற மருந்தை எடின்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்காகப் பரிசோதனைக்கு எடுத்துள்ளனர்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

மாத்திரைக்கும் அடங்காத மாதவிடாய் வலி, உடலுறவின்போதோ மலம், சிறுநீர் கழிக்கும்போதோ வலி இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எந்தெந்த நாளில் எவ்வளவு வலித்தது என்று குறித்து வைத்துக் காட்டுங்கள். ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக நோயே இல்லை என்று அர்த்தமில்லை. இந்த நோயைக் கண்டறியவே பல ஆண்டுகள் ஆகின்றன. “பொறுத்துக்கோ” என்று சொல்லாமல் இருந்தாலே, அதில் சில ஆண்டுகள் மிச்சமாகும்.