மேடலின் ஆல்பிரைட்: அகதிச் சிறுமி முதல் வெளியுறவுச் செயலர் வரை

மேடலின் ஆல்பிரைட் (1937–2022) ஐக்கிய அமெரிக்காவின் வெளியுறவுச் செயலராகப் பதவி வகித்த முதல் பெண் ஆவார். அமெரிக்காவில் இது அமைச்சருக்கு நிகரான பதவி. பதினொரு வயதில் அகதியாக அந்நாட்டுக்கு வந்த அனுபவம் அவருடைய அரசியல் முடிவுகளில் ஆழமாகப் பதிந்திருந்தது.

இருமுறை நாடிழப்பு

1937 மே 15 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவில் பிறந்தார். 1938இல் பிரித்தானியா, பிரான்சு, இத்தாலி ஆகியவை ஹிட்லருடன் மியூனிக் நகரில் உடன்பாடு செய்து, அந்நாட்டின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்தன. செக்கோஸ்லோவாக்கியா அப்பேச்சுக்கு அழைக்கப்படவே இல்லை. 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகாவுக்குள் புகுந்தது. அரசதந்திரியான தந்தை யோசெப் கோர்பெல் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குத் தப்பினார். போருக்குப் பின் நாடு திரும்பினாலும், 1948 பிப்ரவரியில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியதால் மீண்டும் நாட்டை இழந்தனர். அவ்வாண்டு நவம்பரில் மேடலின் நியூயார்க் வந்து சேர்ந்தார். தாம் யூத வழியில் வந்தவர் என்பதும், தாத்தா பாட்டிகளில் மூவர் நாசிகளின் இனப்படுகொலையில் மாண்டனர் என்பதும் அறுபதை நெருங்கும் வயதில்தான் அவருக்கு உறுதியாகத் தெரியவந்தன.

அரசியல் பயணம்

1957இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். மூன்று மகள்களை வளர்த்துக்கொண்டே படித்து, 1976இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் செனட்டர் எட்மண்ட் மஸ்கியின் அலுவலகத்தில் சேர்ந்தார். 1993இல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதரானார். 1997 ஜனவரியில் செனட் சபை 99–0 வாக்குகளால் அவரை வெளியுறவுச் செயலராக ஏற்றது. வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் குடியரசுத் தலைவர் பதவி மட்டும் அவருக்கு எட்டாததாகவே இருந்தது.

மியூனிக் தந்த பாடம்

அவர் தலைமுறை அமெரிக்கர் பலர் வியட்நாம் போரை எண்ணி இராணுவத் தலையீட்டுக்கு அஞ்சினர். அவரோ மியூனிக்கை எண்ணி, தலையிடாமல் இருப்பதற்கே அஞ்சினார். 1999 மார்ச் 12 அன்று செக் குடியரசு, போலந்து, ஹங்கேரி ஆகியவை நேட்டோவில் இணைந்தன. இணைப்பு ஆவணங்களை அமெரிக்காவின் சார்பில் பெற்றுக்கொண்டவர் அவரே. அம்மாத இறுதியில், கொசோவோ அல்பேனியர்மீதான ஒடுக்குமுறையை நிறுத்த நேட்டோ 78 நாள் குண்டுவீச்சைத் தொடங்கியது. இதை முன்னின்று வலியுறுத்தியவரும் அவரே. ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதலின்றி நடந்த அத்தாக்குதலில் பொதுமக்களும் இறந்தனர்.

விமர்சனங்கள்

1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த ஐ.நா. படையைக் குறைக்கும் தீர்மானத்துக்கு அமெரிக்கா ஆதரவளித்தது. அப்போது ஐ.நா. தூதராக இருந்தவர் ஆல்பிரைட். ஈராக்மீதான பொருளாதாரத் தடைகளால் குழந்தைகள் இறப்பது பற்றி 1996இல் தொலைக்காட்சியில் கேட்கப்பட்டபோது, அது கொடுக்கத் தக்க விலையே என்னும் பொருளில் பதிலளித்தார். இவ்விரண்டுக்கும் பின்னாளில் அவர் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் அகதியாக வாழ்ந்தவரிடமிருந்தே அப்பதில் வந்ததைப் பலர் மறக்கவில்லை.

2022 மார்ச் 23 அன்று தமது 84ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார்.