தீவில் இரும்புச் சாமான் கடைகள்

கடல் சூழ்ந்த இத்தீவுகளில் ஓர் ஆணி வேண்டினும் கப்பல் வரவேண்டும். ஆதலின், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரின் அபர்தீன் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடைகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. 1883-இல் சாத்தம் தீவில் மர ஆலை அமைந்தது. தீவு மரங்கள் அறுபட்டு வீடுகளாயின. அவற்றுக்குரிய ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் சென்னை, கல்கத்தாக் கப்பல்களில் வந்தன.

2002 மே 7-இல் காட்டுமரம் வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. காடு காக்கப்பட வேண்டியதே. எனினும் மரவீடு குறையவே ஆணி வாணிபமும் குறையலாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த குடியிருப்புகளுக்கோ எஃகுச் சட்டங்களும் தகரத் தகடுகளும் தாயகத்திலிருந்து நேரே வந்திறங்கின. 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி இயங்கத் தொடங்கியதும் பொருள்களை இணையத்தில் தேடுவது எளிதாயிற்று.

உப்புக் காற்றில் எந்த ஆணி துருப்பிடிக்கும், எது நிலைக்கும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுப்பார். அடுத்த கப்பல் வரும்வரை கடனும் தருவார். இவ்விரண்டும் பொட்டலத்தில் வந்து சேர்வனவல்ல. எஞ்சிய கடைகளைச் சங்கத்து அன்பர்கள் ஆதரித்தல் நம் கடமையாகும்.