இலங்கையின் அரிசி மானியமும் 1953 ஹர்த்தாலும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கையில் பங்கீட்டு அரிசி முறை தொடங்கியது. இறக்குமதி விலைக்கும் கூப்பன் விலைக்கும் இடையிலான வேறுபாட்டை அரசே ஏற்றது. தோட்டங்களிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்களுக்கு இது நடைமுறையில் கூலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. சோறு மலிவாகக் கிடைத்ததால்தான் குறைந்த கூலியில் குடும்பம் ஓடியது.

1952 தேர்தலில் ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கே கிடைக்கும் என்று ஐக்கிய தேசியக் கட்சி உறுதியளித்து வென்றது. கொரியப் போர்க்கால உச்சத்திலிருந்து இறப்பர் விலை சரிந்தது. உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறியது. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தனா வரவு செலவுத் திட்டத்தில் மானியத்தை நீக்கினார். அரிசி விலை 70 சதமாகியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. தொடருந்து, அஞ்சல் கட்டணங்களும் கூடின.

வாரம் 5 கொத்து வாங்கிய வீட்டின் அரிசிச் செலவு 1 ரூபாய் 25 சதத்திலிருந்து 3 ரூபாய் 50 சதமாக ஏறியது. வசதியுள்ள வீட்டுக்கும் விலை ஏறியது அதே 45 சதந்தான். ஆனால் வருமானத்தில் பெரும்பகுதியை அரிசிக்கே செலவிட்டவர்களிடம் வேறு எதைக் குறைப்பது?

ஆகத்து 12 அன்று இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடந்தது. தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. தென்மேற்குக் கரையில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலான நியூபவுண்ட்லாந்தில் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். கட்டம் கட்டமாகக் குறைந்த விலை, 1960களின் தொடக்கத்தில் மீண்டும் 25 சதத்தில் வந்து நின்றது. 1962இல் பங்கீட்டைக் குறைக்க முயன்ற பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவும் நிதியமைச்சுப் பொறுப்பைத் துறக்க நேர்ந்தது.

மானியம் உண்மையில் கரைந்தது 1979இல், அதுவும் ஜெயவர்தனா குடியரசுத் தலைவராக இருந்தபோதுதான். பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் உணவு முத்திரைகள் வழங்கப்பட்டன. முன்பு அரிசி அளவில் கிடைத்த உதவி, இப்போது ரூபாய்த் தொகையாக மாறியது. விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை உயர்த்தப்படவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் சக்தி பாதியளவுக்குத் தேய்ந்தது. சம்பளப் பட்டியலில் வருமானம் பதிவான தொழிலாளர் அதைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. ஆகவே குறைந்த கூலி வாங்கியவர்களிலும் பலர் வரம்பைத் தாண்டியவர்களாகக் கணக்கிடப்பட்டனர். இம்முறை எந்த வரவு செலவுத் திட்டமும் வெட்டு என்று எதையும் அறிவிக்கவில்லை. 1953ஐப் போன்ற ஹர்த்தாலும் நடக்கவில்லை.