சிவப்பும் வெள்ளையும்: சீன மருத்துவத்தில் பியோனி வேரின் சான்றும் பாதுகாப்பும்

முன்னுரை

சீன மருந்துக் கடையில் 'பாய் ஷாவ்' கேட்டால் வெளிறிய, வழவழப்பான வட்ட வில்லைகளைத் தருவார்கள். 'சி ஷாவ்' கேட்டால் பழுப்புத் தோல் உரிக்காத துண்டுகள் வரும். முதலாவது வெள்ளைப் பியோனி, அடுத்தது சிவப்புப் பியோனி. இரண்டும் பியோனியா லாக்டிஃப்ளோரா என்ற ஒரே செடியின் வேராகவே இருக்கலாம், பக்குவம்தான் வேறு. தோல் சீவி வேகவைத்து உலர்த்தியது வெள்ளை. தோலோடு அப்படியே உலர்த்தியது சிவப்பு. பியோனிக்கான அறிவியல் சான்றையும் பாதுகாப்பையும் பேசுவோர் எந்தப் பியோனி, எந்தப் பக்குவம், எதனோடு சேர்ந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒரு பெயர், இரு வேர்கள்

ஹான் காலத்தோடு தொடர்புடைய ஷென்னோங் பென்சாவ் ஜிங் என்ற நூல் மருந்துகளை மூன்று தரமாக வகுத்து, பியோனியை 'ஷாவ்யாவ்' என்ற ஒரே பெயரில் நடுத்தர வகையில் சேர்த்தது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் ஷாங்ஹான் லுன் நூலில் ஒரு நோயாளி வருகிறார். வியர்த்து, கால் தசை இழுத்துக்கொண்டிருக்க, தவறான மருந்தால் கைகாலும் சில்லிட்டிருக்கிறது. முதலில் உடலைச் சூடேற்றும் மருந்து. பிறகு ஷாவ்யாவும் அதிமதுரமும் தலா 4 லியாங் எடை. 3 ஷெங் அளவு நீரில் இட்டு, ஒன்றரை ஷெங்காகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, இளஞ்சூட்டில் இரு வேளை. கால் நீளும் என்கிறது நூல்.

சோங் காலத்தில், 1065இல் அரசுப் பதிப்பாளர்கள் செப்பனிட்ட பாடத்தில் இந்த மருந்தின் பியோனிக்கு 'வெள்ளை' என்ற அடைமொழி காணப்படுகிறது. ஆனால் வெள்ளை, சிவப்பு வேறுபாட்டை எடுத்துரைத்தவர் ஜாங்குக்கு மூன்று நூற்றாண்டு பிற்பட்ட தாவோ ஹோங்ஜிங் (456–536). எனவே அந்த அடைமொழி பிற்காலச் சேர்க்கை என்று கருத இடமுண்டு. சோங் காலம் முதல் மருத்துவர்கள் வெள்ளையைக் குருதியைப் பேணவும், சிவப்பைத் தேங்கிய குருதியைக் கலைக்கவும் பிரித்து வழங்கினர்.

வேரிலிருந்து மூலக்கூறுக்கு

1963இல் ஜப்பானின் ஷிபாத்தாவும் நாகஹாராவும் இவ்வேரிலிருந்து பியோனிஃப்ளோரின் என்ற குளுக்கோசைடைப் பிரித்தெடுத்தனர். பிறகு சீனாவின் ஆன்ஹுய் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஷு ஷுயுன் குழு வெள்ளைப் பியோனியின் மொத்தக் குளுக்கோசைடுகளைத் திரட்டி மருந்தாக்கியது. முடக்குவாதத்துக்கு அது 1998இல் சீனாவில் ஒப்புதல் பெற்றது. அதில் முதன்மையான பொருள் பியோனிஃப்ளோரின்தான்.

ஒரு புதிர் எஞ்சுகிறது. எலிகளுக்கு வாய்வழி கொடுத்தால் பியோனிஃப்ளோரினில் சுமார் 3–4 விழுக்காடே குருதியை எட்டுகிறது. குடல் நுண்ணுயிரிகள் அதை வேறு சேர்மங்களாக மாற்றுகின்றன. வேலை செய்வது மூலப்பொருளா, மாறிய பொருளா என்பது இன்றும் ஆய்வுக்குரியது. முடக்குவாதத்தில் மெத்தோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகளோடு இந்தக் குளுக்கோசைடு மருந்தைச் சேர்த்தால் வீக்கம் குறைவதாகவும், அம்மருந்துகளின் கல்லீரல் பாதிப்பு தணிவதாகவும் சோதனைகள் காட்டுகின்றன. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை சீனாவில் நடந்த சிறு சோதனைகள். யாருக்கு எது தரப்பட்டது என்பதை மறைத்து நடத்தும் ஒழுங்கு பலவற்றில் இல்லை.

தீங்கு எங்கிருந்து வருகிறது?

குளுக்கோசைடு மருந்தில் அடிக்கடி சொல்லப்படும் தொல்லை பேதி, பெரும்பாலும் லேசானது. ஜாங்கின் பழைய மருந்தோ ஜப்பானில் 'ஷாகுயாகு கான்சோ தோ' என்ற பெயரில் கெண்டைக்கால் பிடிப்புக்கு இன்றும் எழுதித் தரப்படுகிறது. கல்லீரல் சுருக்க நோயாளிகளின் தசைப்பிடிப்பை இது குறைத்ததாக ஜப்பானில் போலி மருந்தோடு ஒப்பிட்ட இருமறைச் சோதனை 1999இல் வெளியானது.

இம்மருந்தின் பெரிய ஆபத்து பியோனியிலிருந்து வருவதில்லை, அதிமதுரத்திலிருந்து வருகிறது. அதிமதுரத்தின் கிளிசிரைசின் உடலில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. இதனால் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் இறங்கி, இரத்த அழுத்தம் ஏறுகிறது. நாளொன்றுக்கு 2.5 கிராமும் அதற்கு மேலும் அதிமதுரம் சேர்ந்த தயாரிப்புகளைப் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குத் தரக்கூடாது என்பது ஜப்பானிய விதி. இந்த மருந்தின் வழக்கமான நாளளவில் இருப்பதோ 6 கிராம். பொட்டாசியம் மிகக் குறைந்தால் தசை தளரும். பிடிப்புக்குத் தின்ற மருந்தே தசை நோயில் கொண்டுபோய் விடலாம்.

இன்னொரு தீங்கு பக்குவத்தில் ஒளிந்திருக்கிறது. வேர் வெளுப்பாகத் தெரியவும் பூச்சி அரிக்காதிருக்கவும் சிலர் கந்தகப் புகை போடுகிறார்கள். அப்போது பியோனிஃப்ளோரினின் ஒரு பகுதி சல்ஃபோனேட்டாக மாறிவிடுகிறது. சீன மருந்தகக் கோவை வெள்ளைப் பியோனியில் கந்தக டைஆக்சைடு எச்சத்துக்குக் கிலோவுக்கு 400 மி.கி. வரம்பு விதித்து, பியோனிஃப்ளோரின் 1.6 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்றும் கேட்கிறது. வாங்குபவர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் வெளுப்பே சில வேளை மருந்து குறைந்ததன் அடையாளம்.

பியோனிஃப்ளோரின் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் சொல்வதால், குருதி உறைவு தடுக்கும் மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் பியோனியைத் தொடக்கூடாது.

முடிவுரை

தாவோ ஹோங்ஜிங் நிறத்தைப் பிரித்தார். வேதியியலார் மூலக்கூறைப் பிரித்தனர். மிஞ்சியிருப்பது சான்றைப் பிரிக்கும் வேலை. முடக்குவாதச் சோதனைகள் சுத்திகரித்த குளுக்கோசைடுக்கு உரியவை. அவற்றைக் கொண்டு வீட்டில் காய்ச்சும் கஷாயத்துக்கு நற்சான்று எழுத முடியாது. அதிமதுரம் இறக்கிய பொட்டாசியத்துக்குப் பியோனியைக் குற்றவாளியாக்கவும் முடியாது.