ஒரே வரியில் இரண்டு பெயர்

1911 ஜூன் மாதத்துச் சென்னை நாளிதழ்களில் கிரிக்கெட் செய்தியை யாரும் தேடமாட்டார்கள். அந்த மாதம் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அடுத்து வந்த வாரங்களில் பத்திரிகை முழுக்க அந்தச் செய்திதான். நானும் அதற்காகத்தான் அந்தப் பக்கங்களுக்குள் போனேன். வழக்கில் முதல் எதிரியாக நிறுத்தப்பட்ட நீலகண்ட பிரம்மச்சாரி எங்கள் பக்கத்துக்காரர். சீர்காழியை அடுத்த எருக்கூரில் பிறந்தவர். அவரைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, லண்டன் தந்திச் செய்திகளுக்கு நடுவே சில வரிகள் கண்ணில் பட்டன. இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்தது. யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், எந்த அணி வென்றது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அந்த அணியின் முழுப் பட்டியலைத் தேடி எடுத்தேன். பெரும்பாலும் பார்சிப் பெயர்கள், வடக்கத்திப் பெயர்கள். அவற்றுக்கு இடையே ஒரு பெயர் தனித்து நின்றது: கே. சேஷாச்சாரி, விக்கெட் கீப்பர். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நம் பக்கத்துப் பெயர், அதுவும் ஐயங்கார் வீட்டுப் பெயர். இந்தியா என்ற பெயரில் கடல் கடந்த முதல் அணியில் சென்னைக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் அங்கே என்ன செய்தார்? நீலகண்டரை ஓரமாக வைத்துவிட்டு இவர் பின்னால் போனேன்.

முதலில் பயணத்தின் பின்னணி. இந்தியாவிலிருந்து கிரிக்கெட் ஆட முதலில் கப்பலேறியவர்கள் பம்பாய்ப் பார்சிகள். 1886இலும் 1888இலும் அவர்கள் தங்கள் சமூகத்தின் அணியாக இங்கிலாந்து போய்வந்தார்கள். பார்சி, இந்து, முஸ்லிம் என எல்லோரும் சேர்ந்த அணி ஒன்றை அனுப்பும் யோசனை இடையில் கிளம்பி, சமூகங்களுக்குள் ஒத்துவராமல் நின்றுபோனது. அது 1911இல் கைகூடியதற்கு ஆட்டத்துக்கு வெளியேயும் காரணம் இருந்தது. 1909இல் மதன்லால் திங்க்ரா லண்டனில் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற பிறகு, இந்திய இளைஞன் என்றாலே ஆங்கிலேயர் மிரண்டார்கள். அந்த மிரட்சியைப் போக்க ராஜவிசுவாசமுள்ள இந்தியாவை வெள்ளை உடையில் லண்டனில் நிறுத்திக்காட்ட வேண்டியிருந்தது. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா ஜூன் 22. அதற்குச் சரியாக அணி அங்கே இருந்தது. இருபது வயதுகூட நிரம்பாத பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைவர். அவர் ஆடியது சில ஆட்டங்கள்தான். விருந்துகளும் விழாக்களும் அவர் நேரத்தை எடுத்துக்கொண்டன.

பெரும்பாலும் தலைவர் இல்லாமலே அணி 23 ஆட்டங்கள் ஆடி, 6இல் வென்று, 15இல் தோற்று, 2ஐச் சமன் செய்தது. முதல்தர ஆட்டங்கள் 14. அவற்றில் வென்றவை லெஸ்டர்ஷயருக்கும் சாமர்செட்டுக்கும் எதிரான இரண்டு மட்டும். சாமர்செட்டை வென்றது ஒரே விக்கெட் வித்தியாசத்தில்.

இந்த ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகள் அப்படியே இருக்கின்றன. சேஷாச்சாரியின் பெயரைத் தேடி இந்தியாவின் பேட்டிங் வரிசையை இறங்கி இறங்கிப் படித்தேன். அவர் பெரிய மட்டையாளர் அல்ல. விக்கெட் கீப்பர் நாள் முழுக்க ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழுகிறார். ஆனால் பேட்டிங் பக்கத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு பெயரும் ஒரு எண்ணும்தான்.

கீப்பரைக் கண்டுபிடிக்க எதிரணியின் பக்கத்தைப் படிக்க வேண்டும். ஆங்கிலேய மட்டையாளர் எப்படி ஆட்டமிழந்தார் என்பதைச் சொல்லும் நடுப்பத்தியில்தான் கீப்பரின் வேலை பதிவாகிறது. அங்கே தேடியபோது சேஷாச்சாரி கிடைத்தார். ‘ஸ்டம்ப்டு சேஷாச்சாரி, பந்துவீச்சு பாலு.’ ஒரே வரியில் இரண்டு பெயர்.

இந்த வரி உருவாக ஆடுகளத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம். பாலு இடதுகை மெதுவேகச் சுழல் பந்துவீச்சாளர். வலதுகை மட்டையாளருக்கு உள்ளே வருவதுபோல் வளைந்து இறங்கும் பந்து, தரையில் பட்டதும் வெளியே திரும்புகிறது. மட்டையாளர் ஆசைப்பட்டு ஒரு அடி முன்னால் வைக்கிறார். பந்து மட்டையைத் தாண்டுகிறது. அந்த நொடியில் கீப்பர் ஸ்டம்புக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றாக வேண்டும். மட்டையாளர் உடல் மறைப்பதால் பந்தைக் கடைசிவரை அவரால் பார்க்க முடியாது. எது நேராக வரும், எது திரும்பும் என்று பந்து கையை விட்டுப் புறப்படும்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிடித்து, மட்டையாளர் கால் கிரீஸுக்குத் திரும்புவதற்குள் பெயில்ஸைத் தட்டிவிட வேண்டும். வேகப் பந்தில் வரும் கேட்ச் கீப்பருக்குத் தற்செயலாகவும் கிடைக்கும். சுழல் பந்தில் ஸ்டம்பிங் அப்படிக் கிடைக்காது. பந்துவீசுபவரின் கையைப் பலநாள் கவனித்துப் பழகியவருக்கே அது வாய்க்கும்.

அப்படியானால் இந்த இருவரும் 1911க்கு முன்பே பழகியிருக்க வேண்டும். யார் இந்த பாலு?

பல்வாங்கர் பாலு தோல் தொழில் செய்யும் சமார் சாதியில் பிறந்தவர். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். பூனாவில் பார்சிகளின் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கி, ஆடுகளத்தைச் சமன்படுத்தும் வேலையில் சேர்ந்தார். பிறகு வெள்ளையர்களின் பூனா கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு அதே வேலை. அங்கே வலைப்பயிற்சியில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்து வீசவிட்டார்கள். ஜே.ஜி. கிரெய்க் என்ற பெயர்பெற்ற மட்டையாளர் அவர் பந்தில் மணிக்கணக்காகப் பயிற்சி எடுத்தார். மட்டையைப் பிடிக்க மட்டும் பாலுவை விடவில்லை. பின்னர் பூனா இந்துக்கள் தங்கள் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள்.

காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்றைப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்து, களத்தில் அடித்து, மிராசுதார் பத்தாயத்தில் நெல்லைக் கொட்டும்வரை அத்தனையும் பண்ணையாள் கை பட்டது. அந்த நெல் சோறானதும் அதே கை தீட்டு. டீக்கடை வந்தபோது அவருக்குக் கொட்டாங்குச்சியும் தனிக்குவளையும் வந்தன. பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு 1952இல்தான் கிடைத்தது. அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த மண்ணிலிருந்து பார்க்கும்போது, ஒரு ஐயங்கார் கீப்பரின் பெயரும் ஒரு சமார் பந்துவீச்சாளரின் பெயரும் 1911இல் ஒரே வரியில் அச்சானது சாதாரணச் செய்தியாகத் தெரியவில்லை.

இருவரும் எங்கே சேர்ந்தார்கள் என்ற கேள்வி என்னை 1906 பிப்ரவரிக்குக் கொண்டுபோனது. பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்கள் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் ஆட்டம். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. இந்துக்களுக்கு 109 ஓட்டத்தில் வெற்றி. இரண்டு இன்னிங்ஸிலும் ஐரோப்பியரைச் சாய்த்ததில் பாலுவுக்குப் பெரும்பங்கு. அணியில் அவர் தம்பி சிவராமும் இருந்தார். ஸ்டம்புக்குப் பின்னால் சென்னையிலிருந்து வந்த சேஷாச்சாரி. ஆக, லண்டனுக்குக் கப்பலேறும்போது பாலுவின் கை சேஷாச்சாரிக்குப் புதிதல்ல; ஐந்து ஆண்டுப் பழக்கம்.

வங்கப் பிரிவினைக்கு எதிராக நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் கிடைத்த இந்த வெற்றியைப் பலர் ஆளவந்தவர்களை வென்ற கதையாகக் கொண்டாடினார்கள். ஒரு பத்திரிகை வேறொன்றைக் கவனித்தது. பம்பாயிலிருந்து வந்த ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ என்ற வார இதழ், வெற்றியைவிட அந்த அணி உருவான விதமே பெரிது என்று அந்த மாதமே எழுதியது. சமார் சகோதரர்களை இந்து ஜிம்கானாவுக்குள் ஏற்று, உடன் உட்கார்ந்து சாப்பிட்டது ஆயிரக்கணக்கான இந்து இளைஞர்களின் மனத்தை விரித்துவிட்டது, மற்ற துறைகளில் நடந்த எந்த முயற்சியும் இந்த அளவுக்குச் செய்யவில்லை என்பது அதன் கருத்து. ராமச்சந்திர குஹா 2002இல் இந்தியக் கிரிக்கெட் வரலாற்றை எழுதியபோது இந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டியிருக்கிறார். அதன் பிறகு இதைப் பற்றி எழுதிய பலரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

அந்த இதழின் ஆசிரியர் யார் என்று பார்த்தபோதுதான் தேடல் திரும்பி ஊர் வந்து சேர்ந்தது. காமாட்சி நடராஜன், தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் 1868இல் பிறந்தவர். 1890இல் சென்னையில் தொடங்கிய இதழ் அது. பிறகு அவரோடு பம்பாய்க்குப் போனது. விதவை மறுமணம், குழந்தை மணத் தடை, தீண்டாமை ஒழிப்பு என்று பல பத்தாண்டுகள் வாராவாரம் எழுதிய இதழ். மானம்புச்சாவடியை நாம் சங்கீதத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். தியாகராஜரின் சீடர் வேங்கடசுப்பையர் அந்த ஊர்க்காரர். சாதிப் படிநிலை வயல் வரப்புவரை இறங்கியிருந்த அதே தஞ்சை மண்ணிலிருந்து புறப்பட்ட ஒருவர் நடத்திய இதழ், ஒரு கிரிக்கெட் அணியில் இதைக் கண்டுகொண்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது.

இனி 1911க்குத் திரும்பினால், அந்தப் பயணத்தின் எண்கள் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன. அந்த ஆண்டு இங்கிலாந்தில் கடும் கோடை. மழையில்லாமல் காய்ந்த தரை மட்டையாளருக்குச் சாதகம். அந்தத் தரையில் பாலு மொத்தம் 114 விக்கெட் எடுத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டம் கொடுத்து 8 விக்கெட்; லங்காஷயருக்கு எதிராக 83க்கு 7. சாமர்செட்டை வீழ்த்தியபோது சதமடித்து ஆட்டமிழக்காமல் நின்றவர் தம்பி சிவராம். மகாராஜாவின் மானத்தை அங்கே காப்பாற்றியவர்கள் இந்தச் சகோதரர்கள். அவர்கள் பம்பாய் திரும்பியதும் தாழ்த்தப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். அதில் முன்னின்றவர்களில் இருபது வயது இளைஞர் ஒருவர், பெயர் பீமராவ் அம்பேத்கர்.

ஸ்கோர் அட்டையில் சேர்ந்து நின்றதால் சாதி போய்விடவில்லை. இந்துக்கள் அணியின் தலைமைக்குப் பாலுவைவிடத் தகுதி உள்ளவர் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு அது அவரைத் தாண்டிப் போனது. வேறொரு தம்பி விட்டல் 1923இல் தலைவரானபோதுதான் அந்தக் கதவு திறந்தது. பந்து வீசலாம், விக்கெட் எடுக்கலாம், உடன் உட்கார்ந்து சாப்பிடவும் செய்யலாம். ஆணையிட மட்டும் கூடாது என்ற கணக்கு அது. நம் ஊர்ப் பண்ணைகளில் நடந்த கணக்கும் அதுவே.

ஆனாலும் அந்த வரிக்கு ஒரு வலிமை உண்டு. பாலு வீசாமல் அந்த ஸ்டம்பிங் இல்லை. சேஷாச்சாரி பிடிக்காமலும் இல்லை. கோயில் கல்வெட்டிலும் நிலப் பத்திரத்திலும் கொடுத்தவர், வாங்கியவர் பெயர் இருக்கும். உழுதவர் பெயர் இருக்காது. ஸ்கோர் எழுதுபவர் செய்தவர் பெயரை விட்டுவிட முடியாது, விட்டால் கணக்கு நேராகாது. நம் சமூக வரலாற்றை எழுத முனைவோர் விளையாட்டுப் பதிவுகளை ஆவணமாக மதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம், மாயவரம் என்று டெல்டாவின் பழைய கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் எத்தனையோ தலைமுறை ஆடியிருக்கிறது. கபடி, ஹாக்கி, கால்பந்து, கிரிக்கெட் எதுவானாலும் அதற்கு ஆண்டு மலர் இருக்கும், குழுப் படம் இருக்கும், கோடு போட்ட ஸ்கோர் நோட்டு இருக்கும். யார் யாரோடு சேர்ந்து ஆடினார்கள், எந்தத் தெருப் பையன் எந்தத் தெரு அணிக்குள் எந்த ஆண்டு வந்தான் என்பதை அவை சொல்லும். பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். படத்தின் பின்னால் பெயர்களை எழுதுங்கள், கடைசி வரிசையில் நிற்பவர் பெயரையும் சேர்த்து. பிறகு அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ சேர்த்துவிடுங்கள். அடுத்து வரும் ஆய்வாளர் அதை வைத்து நம் ஊரின் வரலாற்றை எழுதுவார்.