திரும்பி வருவோம் என்று எழுதிச் சென்ற கிராமம்

பழைய புகைப்படம் ஒன்று கையில் கிடைத்ததும் நாம் முதலில் தேடுவது தெரிந்த முகத்தைத்தான். தெரிந்த முகம் இல்லாவிட்டால் படத்தைப் புரட்டி, பின்புறத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறோம். அதுவும் இல்லையென்றால் படம் ஊமையாகிவிடுகிறது. ஆனால், முகம் தெரியாத ஊரொன்றின் படங்களும் சில வேளைகளில் நம்முடன் பேசுவதுண்டு. இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செற் மாவட்டத்தில் உள்ள டைனம் என்னும் சிற்றூரின் படங்கள் அத்தகையவை. நேயர்களுடன் சேர்ந்து இன்று அவற்றைப் பார்க்க விரும்புகிறேன்.

கடலுக்குச் சமீபமாக, இரு குன்றுத் தொடர்களுக்கு இடையில் கிடக்கும் பள்ளத்தாக்கில் அமைந்தது டைனம். 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் எடுப்பித்த நிலக் கணக்கேட்டிலேயே இதன் பெயர் காணப்படுகிறது. 1683 முதல் பொண்ட் என்னும் குடும்பத்தினர் இவ்வூரின் நிலக்கிழார்களாக இருந்தனர். பெருமனை அவர்களுடையது; வீடுகளும் வயல்களும் அவர்களுடையவை. ஊர் மக்களோ குடிவாரத்தினர். உழவும் ஆட்டு மந்தையும், வோர்பரோக் குடாவில் மீன்பிடியும் அவர்களது சீவனோபாயம்.

இத்தகைய சிற்றூர்களைப் படமெடுக்க அக்காலத்தில் யார் வந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். 1894இல் பிரித்தானியத் தபால் திணைக்களம், தனியார் அச்சிட்ட தபாலட்டைகளைத் தபாலில் அனுப்ப அனுமதித்தது. 1902இல், அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் படமும், மறுபக்கத்தில் செய்தியும் முகவரியும் இருக்கலாம் என்றாயிற்று. அதன்பின் படத் தபாலட்டை பெரும் மோகமாகியது. புகைப்படக்காரர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊரூராகப் போனார்கள். தேவாலயம், பாடசாலை, தபாற்கந்தோர், வாயிலில் நிற்கும் மனிதர்கள் என்று கண்ணில் பட்டவற்றையெல்லாம் எடுத்தார்கள். விற்பனைக்காக எடுத்த படங்கள்தாம். ஆயினும், வரலாற்று நூல்களில் இடம்பெற்றிராத எத்தனையோ மனிதர்கள் அவற்றால் நமக்குக் கிடைத்திருக்கிறார்கள்.

டைனத்தின் படங்களிலும் இந்தக் காட்சிகளே உண்டு. பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். கற்சுவர் வீடுகளின் வரிசையில் தபாற்கந்தோர் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு ஓர் ஏக்கம் பிறக்கிறது. என்ன அமைதியான வாழ்வு என்று மனம் சொல்லிக்கொள்கிறது.

இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். புகைப்படம் பொய் சொல்வதில்லை. ஆனால் முழுவதையும் அது சொல்லிவிடுவதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை உடுப்பும் வெள்ளை மேலாடையும் படத்தில் தெரியும்; நாட்கூலியின் சிறுமை தெரியாது. மின்சாரம் அந்த ஊரை எட்டவேயில்லை என்பதும் தெரியாது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் போகப் போகப் பிள்ளைகளின் தொகை குறைந்தது. 1932இல் மாணவர் இல்லாமையால் பாடசாலை மூடப்பட்டது. எனவே, இராணுவம் வருமுன்னரே ஊர் மெலிந்துகொண்டுதான் இருந்தது. இதை மறைத்துவிட்டு அந்த ஊரைச் சொர்க்கமாகக் காட்டுவது வரலாறாகாது.

ஆனால், ஓர் ஊர் தானாக மெலிவது வேறு. அதை ஒரே மாதத்தில் வெறுமையாக்குவது வேறு.

முதலாம் உலகப் போர்க் காலம் முதலே அருகிலுள்ள லல்வேர்த் பகுதி யுத்த தாங்கிப் பயிற்சிக் களமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் நாட்டுக் கரையில் படைகளை இறக்கும் ஆயத்தங்கள் நடந்தபோது அந்தக் களம் போதவில்லை. 1943 நவம்பரில் மக்களுக்கு அறிவித்தல் கடிதங்கள் வந்தன. டிசம்பர் 19ஆந் திகதிக்கு முன் யாவரும் வெளியேற வேண்டும். டைனத்திலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 7,500 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. சுமார் 225 பேர் வெளியேறினர். நத்தாருக்கு ஒரு கிழமையே இருந்தது. புறப்படுமுன் தேவாலயக் கதவில் ஒரு கடிதம் குத்தப்பட்டது. எங்கள் வீடுகளைக் கவனமாகப் பாருங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்பது அதன் சாரம். கோபமான ஒரு சொல்கூட அதில் இல்லை. போர் முடிந்ததும் வீடு திரும்பலாம் என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள்.

1945இல் போர் முடிந்தது. வீடு திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. சோவியத் நாட்டுடன் பகை முற்றிய காலம் அது. 1948இல் அந்நிலத்தை நிரந்தரமாக இராணுவத்தின் வசமே வைத்துக்கொள்வதென அரசு தீர்மானித்தது. நிலத்துக்கான நட்டஈடு நிலச் சொந்தக்காரருக்குரியது. குடிவாரத்தினருக்குக் கிடைத்தது, தோட்டத்தில் விட்டுவந்த மரக்கறிகளின் பெறுமதி மட்டுமே. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததற்கு உறுதிப்பத்திரம் ஏது? 1968இல் நிலத்தை மீட்க ஓர் இயக்கம் தொடங்கியது. 1973இல் அரசாங்கக் குழுவொன்று நிலத்தை விடுவிக்கும்படி சிபாரிசு செய்தும் அரசு அதனை ஏற்கவில்லை. 1975 முதல், பயிற்சி நடவாத நாட்களில் பொதுமக்கள் சென்று பார்க்க வழி திறந்தது. ஊரார் விருந்தாளிகளாகத் தங்கள் ஊருக்குப் போனார்கள்.

இன்று தேவாலயமும் பாடசாலையும் திருத்தப்பட்டுக் காட்சிக்கூடங்களாக இருக்கின்றன. மற்றைய வீடுகளுக்குக் கூரையில்லை. அந்த வெறுஞ் சுவர்களுக்கிடையே அங்கு வாழ்ந்தோரின் பழைய படங்களைப் பலகைகளில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். பாடசாலையில் பிள்ளைகள் மேலங்கி மாட்டிய கொழுவிகளின்மேல் அவர்களுடைய பெயர்கள் உள்ளன. தபாற்கந்தோர் முன்பிருந்த பழைய தொலைபேசிக் கூண்டு, 1985இல் ஒரு திரைப்படப் பிடிப்பின்போது சேதமடைந்தது. அதே வகைக் கூண்டொன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூண்டுக்குப் பதில் கூண்டு கிடைத்துவிட்டது. மனிதருக்குப் பதில் படம்தான் கிடைத்தது.

நேயர்களே, தபாலட்டை விற்பதற்காக யாரோ ஒருவர் ஒரு பகற்பொழுதில் எடுத்த படம், அந்த ஏழைக் குடிவாரத்தினருக்கு உறுதிப்பத்திரம்போல ஆகிவிட்டது. இந்த வாசலில் இந்தப் பெண் நின்றாள், இந்த வாங்கில் இந்தப் பிள்ளை இருந்தான் என்று அது சாட்சி சொல்கிறது. நம் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஏதேனும் படமிருந்தால், இன்றே எடுத்துப் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.