கரைமணலும் நட்டக் கணக்கும்

1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்குப் போன கதையை நம்மட ஆக்கள் அடிக்கடி சொல்வார்கள். வழியில் மாணிக்கம் தோண்டுவதைப் பற்றி அவர் எழுதியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒருவர் நிலத்துண்டொன்றை வாங்கித் தோண்டுவார். 100 பணம் பெறுமதிக்கு எட்டிய கல் மன்னருக்கு. அதற்கு மன்னர் விலை கொடுப்பார். அதற்குக் கீழ்ப்பட்டது தோண்டியவருக்கு. கல் கிடைக்காவிட்டால் நட்டமும் அவருக்கே. நிலமும் நட்டமும் ஒரே ஆளின் தலையில் இருந்தன.

இன்று அவை பிரிந்துவிட்டன. மன்னார்த் தீவில் இல்மனைட் தேடிய டைட்டானியம் சாண்ட்ஸ் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தைக் கம்பெனி. இப்படியான கம்பெனிகள் முதலில் விற்பது மணலை அல்ல, மணலுக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீட்டை. துளையிட்ட இடங்களில் பெரும்பாலானவை சுரங்கமாவதில்லை. பங்கு வாங்கியவருக்கு அது தெரியும், போனால் போட்ட காசு போகும், அவ்வளவுதான். கடலில் நிற்கும் மீனை விற்பதை கரர் பாடத்தில் படித்த நமக்கு இது நெருடும். அது கூடுமா கூடாதா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய விடயம்.

புல்மோட்டை வேறு கதை. அங்கே மணலில் முக்கால்வாசியளவு கனியம். மன்னாரில் நூற்றுக்கு ஐந்தும் தேறாது. அதாவது ஒரு தொன்னுக்கு இருபது தொன்னுக்கு மேல் கிளற வேண்டும். 1957இல் அரசு கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. இல்மனைட் பச்சையாகவே கப்பலேறியது. பெயின்ட் டின்னாகத் திரும்பி வந்ததை நாம் காசு கொடுத்து வாங்கினோம். 1997 செப்டம்பரில் அங்கே மணல் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி கப்பல் தாக்கப்பட்டது. கப்பல்காரருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. வேலையிழந்த முஸ்லிம் கிராமத்துக்கு என்ன இருந்தது?

இப்போது வாகரை, கதிரவெளிப் பக்கம் இல்மனைட் அகழ்வுக்கு எதிராகச் சனம் எழும்பியிருக்கிறது. அது தமிழ் ஊர்ப் பிரச்சினை, நமக்கென்ன என்று காத்தான்குடியில் சிலர் சொல்லக் கேட்டேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம்மட ஊர் எதில் நிற்கிறது? கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணல். அந்த மணலுக்குள் தங்கும் மழைத்தண்ணியைத்தான் கிணற்றில் அள்ளிக் குடித்தோம். கரைமணலைக் கிளறினால் உப்பு எங்கே ஏறும் என்ற பயம் வாகரைக்கும் நமக்கும் ஒன்றுதான்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி ஆய்வுக்கு ஓர் அனுமதி, அகழ்வுக்கு வேறோர் அனுமதி. இடையிலுள்ள காலம்தான் நமக்குரியது. துளை போடும்போதே கிணற்றுத் தண்ணியின் உப்பை அளந்து திகதியோடு எழுதி வைக்காவிட்டால், பிறகு நட்டத்தைக் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. உப்பு அளக்கும் சின்னக் கருவி ஒன்று, கொப்பி ஒன்று, பள்ளிவாசலிலும் கோயிலிலும் இரண்டிரண்டு பொடியன்மார் இருந்தால் தொடங்கலாம்.